தரவரிசை ஏன் கவிழ்கிறது? எம்எம்ஏ பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செந்தூலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாமாக் கடை. எம்எம்ஏ நடத்தும் பெரிய அமெரிக்க நிறுவனம் யூஎஃப்சி. அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் அதன் சண்டைகள் நமக்கு ஞாயிறு காலை. முக்கியச் சண்டைகள் பத்து, பதினோரு மணிக்குத் தொடங்கும். பட்டத்துக்கான சண்டை முடியும்போது மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வந்துவிடும். பத்து வருடத்துக்கும் மேலாக அங்கே உட்கார்ந்து பார்க்கிறேன். பெரிய வீரர் யாராவது கவிழ்ந்தால் மேசையைச் சுற்றி அதே கேள்விகள்தான் வரும். லக்கா? தரவரிசை பொய்யா? யாராவது காசு வாங்கிவிட்டார்களா? தே தாரிக் ஆறுவதற்குள் இதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன். எம்எம்ஏ என்பது கலப்பு தற்காப்புக் கலை. குத்து, உதை, மல்யுத்தம், தரையில் போடும் பிடி எல்லாம் சேர்ந்த சண்டை.

முதலிடத்தில் இருப்பவர் ஆறாம் இடத்துக்காரரிடம் தோற்றுவிட்டார். அப்படியென்றால் தரவரிசை பொய்தானே?

இல்லை. தரவரிசை "இவர் ஜெயிப்பார்" என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. இதுவரை நடந்ததை வைத்துப் பார்த்தால் இவர் மேலே நிற்கிறார் என்று மட்டும் சொல்கிறது. பத்து முறை மோதினால் எட்டு முறை இவர் ஜெயிப்பார் என்றால், மீதி இரண்டு முறை தோற்பார் என்பதும் அதே கணக்குக்குள் அடங்கியதுதான்.

கைப்பேசியில் கணிப்பானைத் திறந்து ஒன்று செய்து பாருங்கள். ஒரே இரவில் 12 சண்டைகள். ஒவ்வொன்றிலும் பலமானவர் ஜெயிக்க 80 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 12 பேரும் ஜெயிக்க என்ன வாய்ப்பு? 0.8ஐ 12 தடவை ஒன்றோடொன்று பெருக்கினால் கிட்டத்தட்ட 0.07 வரும். அதாவது 7 விழுக்காடு. சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு இரவும் இரண்டு அல்லது மூன்று பேர் கவிழ வேண்டும். யாருமே கவிழாத இரவைத்தான் நான் அதிசயமாகப் பார்ப்பேன்.

தரவரிசையை யார் போடுகிறார்கள்?

யூஎஃப்சி தரவரிசை 2013 பிப்ரவரியில் தொடங்கியது. செய்தியாளர் குழு ஒன்று வாக்களிக்கிறது. ஒவ்வொரு எடைப்பிரிவிலும் சாம்பியன் தனியாக மேலே, அவருக்குக் கீழே 15 பேர். புள்ளிக் கணக்கு எதுவும் இல்லை. விஷயம் தெரிந்தவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

இரண்டு விஷயத்தை மறக்கக்கூடாது. ஒன்று, அந்தப் பட்டியலில் அந்த நிறுவனத்தின் வீரர்கள் மட்டும்தான் இருப்பார்கள். வேறு நிறுவனத்தில் சண்டை போடுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதில் வரமாட்டார். இன்னொன்று, பட்டத்துக்கு மோதப்போவது யார் என்பதை முடிவு செய்வது நிறுவனம்தான், தரவரிசை இல்லை. இரண்டாம் இடத்தில் இருப்பவர் காத்துக்கொண்டிருக்க, வேறொருவருக்கு வாய்ப்புப் போவது சாதாரணமாக நடக்கிறது.

பூப்பந்து தரவரிசையை நாம் நம்புகிறோமே. இதை மட்டும் ஏன் நம்ப முடியவில்லை?

இது எனக்குப் பிடித்த கேள்வி. மலேசியர்களுக்கு இதை விளக்குவதும் சுலபம்.

பூப்பந்து உலகத் தரவரிசையில் கடைசி 52 வாரங்களில் ஒருவர் ஆடிய போட்டிகளில் சிறந்த பத்தின் புள்ளிகள் சேர்கின்றன. லீ சோங் வெய் மொத்தம் 349 வாரங்கள் முதலிடத்தில் இருந்தார். நம் பினாங்குப் பெண் நிக்கோல் டேவிட், சுவர்ப்பந்தில் 2006 முதல் 2015 வரை தொடர்ந்து 108 மாதங்கள் உலகின் முதல் நிலை ஆட்டக்காரர், எட்டு முறை உலகச் சாம்பியன். இப்படி ஒரு ஆட்சி நடக்க வேண்டுமென்றால் திறமை மட்டும் போதாது. திறமை வெளியே தெரிய இடம் கொடுக்கிற ஆட்டமாகவும் அது இருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு பூப்பந்து ஆட்டக்காரர்கள். ஒவ்வொரு புள்ளியையும் ஒருவர் எடுக்க 55 விழுக்காடு வாய்ப்பு, மற்றவருக்கு 45. சின்ன வித்தியாசம்தான். ஆனால் 21 புள்ளி வரை ஆடி, மூன்றில் இரண்டு செட் ஜெயிக்க வேண்டும் என்னும்போது, அந்த 55 முழு ஆட்டத்தில் 80 விழுக்காட்டையும் தாண்டிவிடுகிறது. ஒரு புள்ளியில் இறகுப்பந்து வலையில் தட்டித் தவறாக விழுந்தாலும், அடுத்த எழுபது எண்பது புள்ளிகள் அதைச் சரிக்கட்டிவிடும்.

எம்எம்ஏவில் சரிக்கட்ட இடமே இல்லை. சாதாரணச் சண்டை மூன்று சுற்று, சுற்றுக்கு ஐந்து நிமிடம். பட்டத்துக்கு ஐந்து சுற்று. கையுறை நாலு அவுன்ஸ்தான், குத்துச்சண்டையில் போடுவது எட்டு, பத்து அவுன்ஸ். பதினாலு நிமிடம் நன்றாகச் சண்டை போட்டவர் பதினைந்தாவது நிமிடத்தில் கண் அசந்தால் கதை முடிந்தது. இருபதுக்கு மூன்று என்று முன்னால் இருக்கும் பூப்பந்து ஆட்டக்காரரை ஒரே அடியில் வெளியே அனுப்பும் விதி இருந்தால் அந்தத் தரவரிசை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். போதாக்குறைக்கு ஒரு வீரர் வருடத்துக்கு இரண்டு மூன்று சண்டைதான் போடுகிறார். பூப்பந்தில் ஒரு மாதத்தில் கிடைக்கும் தகவல் இங்கே மூன்று வருடத்தில்கூடச் சேராது.

அப்புறம், அவ்வளவு நம்பகமான தரவரிசையிலும் லீ சோங் வெய்க்குக் கிடைத்தது 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக் வெள்ளி. உலகச் சாம்பியன் பட்டம் கடைசி வரை கிடைக்கவில்லை. 349 வாரமும் பொய்யா? அந்த இறுதி ஆட்டங்களை நாடே சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். அவர் முதல் இடத்துக்குத் தகுதியானவர் இல்லை என்று நம்மில் யாரும் சொல்ல மாட்டோம்.

ஹோலி ஹோம் ரோண்டா ரவுசியை வீழ்த்தியது லக்தானே?

2015 நவம்பர் 15. மெல்பர்னில் சண்டை, நமக்கு ஞாயிறு மதியம். தீபாவளி முடிந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. சித்தப்பா வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர், நடுவில் பாதி காலியான முறுக்கு டின். ரவுசி அதுவரை 12 சண்டையிலும் தோற்காதவர், பெய்ஜிங் ஒலிம்பிக் ஜூடோவில் வெண்கலம் வாங்கியவர். சித்தப்பா மகன் முறுக்கை உடைத்துக்கொண்டே, "ஒரு நிமிஷம்தான், அப்புறம் சாப்பிடப் போகலாம்" என்றான். இரண்டாவது சுற்றில் 59ஆவது வினாடியில் ஹோமின் இடது கால் ரவுசியின் கழுத்துப் பக்கம் விழுந்தது. கூடத்தில் யாரும் பேசவில்லை. உடைத்த முறுக்கு அவன் கையிலேயே இருந்தது. முதலில் பேசியது சித்தி. "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

அந்தச் சண்டையை அதற்குப் பிறகு பலமுறை திரும்பப் பார்த்துவிட்டேன். அதில் லக் என்று சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஹோம் குத்துச்சண்டையில் உலகச் சாம்பியனாக இருந்தவர், இடது கை ஆட்டக்காரர். ரவுசி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துத் தூக்கிப்போட வேண்டும். ஹோம் பிடிக்கு அகப்படாமல் வட்டம் போட்டார், ரவுசி நேராக ஓடி வரும்போதெல்லாம் இடது கையால் குத்தினார். முதல் சுற்று முடிவதற்குள்ளேயே ரவுசியின் முகம் மாறிவிட்டது. அந்த உதை வந்தது ஆறு நிமிடமாக நடந்துகொண்டிருந்த வேலையின் கடைசி வரி. முந்தைய 12 சண்டைகளில் அப்படி நகரத் தெரிந்தவர் யாரும் ரவுசிக்கு எதிரே நின்றதில்லை. அவரிடம் இருந்த ஓட்டை அதனால்தான் தரவரிசைக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

அப்படியென்றால் ஹோம்தான் ரவுசியைவிடச் சிறந்தவரா?

சின்ன வயதில் "ஒன் டூ சோம்" விளையாடியிருப்பீர்கள். பறவை தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் கல்லை மூழ்கடிக்கும், கல் பறவையை அடிக்கும். மூன்றில் எது பெரியது என்று யாரும் கேட்டதில்லை.

மீஷா டேட் என்ற வீராங்கனையை ரவுசி 2012இலும் 2013இலும் இரண்டு முறை வென்றார். ஹோம் ரவுசியை வென்றார். 2016 மார்ச்சில் அதே டேட் ஹோமைக் கடைசிச் சுற்றில் கழுத்தை இறுக்கி வென்றார். மூவரையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எழுதச் சொன்னால் எப்படி எழுதினாலும் ஒரு சண்டை முடிவு இடிக்கும். வாக்களித்தவர்கள் மேல் தப்பில்லை. பாணிக்குப் பாணி மாறும் ஒரு விஷயத்தை ஒரே ஏணியில் அடுக்கச் சொல்கிறோம்.

"அவன் இவனை அடித்தான், இவன் அவனை அடித்தான், ஆகவே…" என்று கணக்குப் போடலாமா?

போடலாம், ஆனால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். நம் செந்தூல் பையன் அகிலன் தானியிலிருந்தே தொடங்குவோம். உடம்பைக் குறைக்கப் பயிற்சிக்கூடத்துக்குப் போனவர், ஏழு சண்டை தொடர்ந்து ஜெயித்து, 21 வயதில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற ஆசிய நிறுவனத்தின் பட்டத்துக்கு மோதினார். 2017 மே மாதம், சிங்கப்பூர் உள்ளரங்கம், எதிரே பென் ஆஸ்க்ரன். ஒலிம்பிக் வரை போன அமெரிக்க மல்யுத்த வீரர், தோல்வியே இல்லாதவர். முதல் சுற்றிலேயே தரையில் போட்டுக் கையோடு சேர்த்துக் கழுத்தை இறுக்கிவிட்டார். அன்றைக்கு எங்கள் தெருவில் எவ்வளவு பேர் மனம் உடைந்தோம் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஆஸ்க்ரனை 2019 ஜூலையில் ஹோர்ஹே மாஸ்விடால் பறந்து வந்த முழங்காலால் ஐந்தே வினாடியில் சாய்த்தார். யூஎஃப்சி வரலாற்றிலேயே வேகமான நாக்அவுட் அது. மாஸ்விடாலை கமாரு உஸ்மான் இரண்டு முறை வென்றார். உஸ்மானை லியோன் எட்வர்ட்ஸ், எட்வர்ட்ஸை 2024இல் பெலால் முகமது. இந்தச் சங்கிலிப்படி பெலால் அகிலனை எத்தனை மடங்கு வெல்ல வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை. ஐந்து வினாடி முழங்கால் ஒன்று, ஐந்து சுற்றுத் தீர்ப்பு ஒன்று, கழுத்துப் பிடி ஒன்று. ஒவ்வொரு கண்ணியும் வேறு இரும்பு.

இந்த அகிலன்தான் 2019 ஜூனில் ஷாங்காயில் ஜப்பானின் யோஷிஹிரோ அக்கியாமாவை மூன்று சுற்றும் நின்று, நடுவர்கள் மூவரின் தீர்ப்பிலும் வென்றார். அக்கியாமா பெரிய பெயர். ஆனால் 43 வயது, மூன்றரை வருடமாகக் களத்தில் இறங்காதவர். பெயரைப் பார்ப்பவர் அதை அதிசயம் என்பார். தேதியைப் பார்ப்பவர் அப்படிச் சொல்ல மாட்டார். எங்கள் மேசையில் இருந்தவர்கள் எதையும் பார்க்காமல் கத்தினோம். அன்றைக்கு அதற்கு எங்களுக்கு உரிமை இருந்தது.

உண்மையான லக் என்று எதையுமே சொல்ல மாட்டீர்களா?

சொல்வேன். 2022 ஜூலையில் லண்டனில் டாம் ஆஸ்பினால், கர்ட்டிஸ் பிளேய்ட்ஸ் சண்டை. பதினைந்தாவது வினாடியில் ஆஸ்பினாலின் முழங்கால் தானாக மடங்கிக் கீழே விழுந்தார். புத்தகத்தில் அது பிளேய்ட்ஸின் வெற்றி. இரண்டு வருடம் கழித்து மான்செஸ்டரில் மறுபடி மோதினார்கள், ஆஸ்பினால் 60 வினாடியில் முடித்தார். முதல் முடிவிலிருந்து இருவரில் யார் பலசாலி என்று ஒன்றுமே கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் வெற்றி தோல்விப் பட்டியலில் அதற்கும் மற்றச் சண்டைகளுக்கும் ஒரே எடைதான்.

இன்னொன்று ஜோன் ஜோன்ஸ். அவர் கணக்கில் ஒரே ஒரு தோல்வி, 2009 டிசம்பரில் மேட் ஹாமிலிடம். ஜோன்ஸ் அந்தச் சண்டையில் ஹாமிலை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார். முழங்கையை மேலிருந்து நேர்க்கீழாக இறக்கியதால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அந்தத் தடையே 2024 நவம்பரில் பொது விதிகளிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. எண்ணை மட்டும் படித்தால் ஹாமில் ஜோன்ஸை வென்றவர்.

எட்வர்ட்ஸ் உஸ்மானை வீழ்த்திய அந்த உதை? கடைசி நிமிடத்தில் வந்ததே.

2022 ஆகஸ்ட், சால்ட் லேக் சிட்டி. நான்கு சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களும் உஸ்மானுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். ஐந்தாவது சுற்றில் நான்கு நிமிடம் ஓடிவிட்டது. எங்கள் மேசையில் பாதிப் பேர் காசு கட்டப் போய்விட்டார்கள். எட்வர்ட்ஸ் இடது கையால் குத்து வருவதுபோல் காட்டினார். உஸ்மான் அதிலிருந்து தலையைச் சாய்த்தார். தலை போன இடத்துக்கு இடது கால் வந்து சேர்ந்தது. இன்னும் ஒரு நிமிடம்கூட மீதியில்லை.

இதை லக் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்கே போவேன். அந்தப் பொய்க் குத்து இல்லாமல் அந்த உதை இல்லை. ஆயிரம் தடவை பயிற்சியில் செய்து பார்த்தது அது. அதே நேரம், உஸ்மான் அந்த ஒரு முறை வேறு பக்கம் சாய்ந்திருந்தால் சாம்பியனாகவே வீட்டுக்குப் போயிருப்பார். இரண்டும் உண்மை. உதை திறமை, அது பட்ட நேரத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கத் தேவையில்லை. 2023 மார்ச்சில் லண்டனில் எட்வர்ட்ஸ் ஐந்து சுற்றும் நின்று மறுபடி ஜெயித்தார்.

மறுபடி மோதவிட்டால் உண்மை தெரிந்துவிடுமா?

கொஞ்சம் தெரியும். 2007 ஏப்ரலில் மேட் செரா, ஜார்ஜஸ் செயின்ட் பியரை முதல் சுற்றில் வீழ்த்தினார். இன்றைக்கும் பலர் இதைத்தான் மிகப் பெரிய கவிழ்ப்பு என்கிறார்கள். அடுத்த வருடம் மாண்ட்ரியாலில் செயின்ட் பியர் இரண்டாம் சுற்றில் முடித்தார். அமாண்டா நூனெஸ் 2021 டிசம்பரில் ஜுலியானா பேனியாவிடம் தோற்று, 2022 ஜூலையில் ஐந்து சுற்றும் ஆதிக்கம் செலுத்திப் பட்டத்தை வாங்கினார். இவற்றில் பழைய வரிசை திரும்பி வந்தது. ஆனால் 2014இல் ரெனான் பராவோவைக் கவிழ்த்த டி.ஜே. தில்லஷா, அடுத்த வருடமும் அவரை வீழ்த்தினார். அங்கே முதல் சண்டையே உண்மையைச் சொல்லிவிட்டது, நாம்தான் நம்பவில்லை.

இரண்டு சண்டை இரண்டு சண்டைதான். ஒருவர் மற்றவரைவிட 60க்கு 40 என்று மேலானவர் என்றால், மூன்று முறை மோதவிட்டாலும் மூன்றில் ஒரு தொடருக்கும் மேல் பலவீனமானவர்தான் ஜெயிப்பார். அதைவிட அதிகமாக மோதவிட மனித உடம்பு தாங்காது.

தோல்வியே காணாதவர் என்றால் பயப்பட வேண்டியதுதானே?

மதிக்க வேண்டும். ஆனால் யாரை ஜெயித்தார் என்று கேட்க வேண்டும். நாணயத்தைச் சுண்டிப் போட்டே 1,024 பேரைச் சண்டை போடவிட்டாலும், பத்துச் சுற்று முடிவில் ஒருவர் 10-0 என்று நிற்பார். அவரைப் பற்றிக் கட்டுரை எழுதுவோம். மறுபக்கம், ஒவ்வொரு சண்டையிலும் 80 விழுக்காடு பலமான உண்மையான சாம்பியன்கூட, தொடர்ந்து பத்து ஜெயிக்க 11 விழுக்காடு வாய்ப்புதான். அதனால் 29-0 என்று ஓய்வு பெற்ற கபீப் நுர்மகமதோவைப் போன்றவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் பிரமிப்பு போகவில்லை.

தரவரிசை பார்க்காத விஷயங்கள் என்னென்ன?

அவகாசம், எடை, ஊர்.

2016 மார்ச்சில் கானர் மெக்ரிகரை நேட் டியாஸ் வென்றார். அதே இரவில்தான் டேட் ஹோமையும் வென்றார். டியாஸ் பதினொரு நாள் அவகாசத்தில் வந்தவர், அதனால் எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஆனால் 145 பவுண்டு பிரிவின் சாம்பியனான மெக்ரிகர் அன்று 170இல் மோதினார். உயரமான, அடி தாங்குகிற ஒருவர் எதிரே நின்றார். முதல் சுற்றில் விழுந்த குத்துகள் 145 பவுண்டில் பலரைச் சாய்த்திருக்கும், டியாஸ் நின்றார். அந்த வருடம் ஜூனில் மைக்கேல் பிஸ்பிங்கும் இரண்டரை வார அறிவிப்பில் வந்து லூக் ராக்ஹோல்டை முதல் சுற்றில் படுக்கவைத்தார். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அதே ராக்ஹோல்டிடம் தோற்றவர் அவர்.

ஊர் என்றால் 2015 ஜூனின் மெக்சிகோ சிட்டிதான் என் நினைவுக்கு வரும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். ஃபாப்ரிசியோ வெர்டம் பல வாரங்களுக்கு முன்பே மலைப்பகுதிக்குப் போய் உடம்பைப் பழக்கினார். களைப்பே தெரியாதவர் என்று பெயரெடுத்த கெய்ன் வெலாஸ்கெஸ் இரண்டாம் சுற்றிலேயே மூச்சு வாங்கினார். கெந்திங் மலைக்கு ஏறி இறங்கியவர்களுக்கே காற்று வித்தியாசம் தெரியும். அது அதைவிடப் பெரிய உயரம்.

எடை குறைப்பதைப் பற்றிச் சிரித்துப் பேசுபவர்களைக் கண்டால் எனக்குத் தாங்காது. 2015 டிசம்பரில் யாங் ஜியான் பிங் என்ற 21 வயது சீன வீரர், மணிலாவில் சண்டைக்கு முன் எடை குறைக்கும்போது இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் ஒன் சாம்பியன்ஷிப் உடம்பில் தண்ணீரை வற்றவைத்து எடை காட்டுவதைத் தடுக்கச் சோதனை கொண்டுவந்தது. முந்தின நாள் தராசில் கண் சொருகி நின்றவர் அடுத்த நாள் தோற்றால், அதற்கு அதிர்ஷ்டத்தைக் காரணம் சொல்வது அநியாயம்.

நடுவர்கள் தப்பாகத் தீர்ப்புச் சொன்னால்?

நடக்கும். 2006 நவம்பரில் செராவும் கிறிஸ் லைட்டலும் மோதினார்கள். ஜெயிப்பவருக்குப் பட்டத்துக்கான வாய்ப்பு. ஒரு நடுவர் மூன்று சுற்றையும் லைட்டலுக்குக் கொடுத்தார். மற்ற இருவரும் அதே மூன்று சுற்றையும் செராவுக்குக் கொடுத்தார்கள். அந்த இருவரில் ஒருவர் மாற்றி எழுதியிருந்தால், ஐந்து மாதம் கழித்துச் செயின்ட் பியரின் முன்னால் செரா நின்றிருக்கவே மாட்டார். நான் மேலே சொன்ன அந்தப் பெரிய கவிழ்ப்பும் நடந்திருக்காது. இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்த தீர்ப்பைப் பாதி வெற்றியாகத்தான் நான் குறித்துக்கொள்கிறேன்.

கணினி போடும் தரவரிசை இதைவிட மேலா?

சதுரங்கத்தில் 1970 முதல் உலகக் கூட்டமைப்பு பயன்படுத்தும் ஈலோ முறையைப் பலர் எம்எம்ஏவுக்கும் போட்டுப் பார்க்கிறார்கள். பலமானவரை ஜெயித்தால் அதிகப் புள்ளி, பலவீனமானவரை ஜெயித்தால் கொஞ்சம். இருவருக்கும் இடையே 200 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் பக்கம் 76 விழுக்காடு, 400 என்றால் 91. எனக்குப் பிடித்தது அந்த விழுக்காடுதான், ஏனென்றால் "மூன்றாம் இடம்" என்பது மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் எவ்வளவு இடைவெளி என்று சொல்வதே இல்லை. கணினிக்குப் பிரபலமும் தெரியாது. ஆனால் ஆஸ்பினாலின் முழங்கால் மடங்கியதும் அதற்குத் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் எங்கே வருகிறதோ அங்கே ஒரு கதை இருக்கும்.

இவ்வளவு தெரிந்தால் பந்தயம் கட்டலாமே?

வேண்டாம் தம்பி. பந்தயக்காரர் இரண்டு பக்கமும் சொல்லும் வாய்ப்பைக் கூட்டினால் 105, 106 என்று வரும். நூறுக்கு மேலே இருப்பது அவர் பை. நம் நாட்டில் 1953ஆம் ஆண்டு பந்தயச் சட்டமும் இருக்கிறது. என் பழைய கூட்டாளி ஒருவன் "உறுதி" என்று சொன்ன ஒரு சண்டைக்காக மோட்டார் சைக்கிளை விற்றான். வேலைக்கு ஆறு மாதம் பஸ்ஸில் போனான்.

சரி, சண்டைக்கு முன்னால் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்?

தரவரிசையைப் பார்ப்பேன், அதில்தான் தொடங்குவேன். மேலே ஐந்து பேருக்கும் கீழே ஐந்து பேருக்கும் உள்ள வித்தியாசத்தை நம்புவேன், நாலாமவருக்கும் ஆறாமவருக்கும் உள்ளதை நம்பமாட்டேன். அப்புறம் கடைசியாக எப்போது சண்டை போட்டார், கடைசி மூன்று எதிராளிகள் எந்தப் பாணி, இந்த எதிராளியின் பாணியை இதற்கு முன் சந்தித்திருக்கிறாரா என்று பார்ப்பேன். முதல் நாள் தராசில் ஏறும்போது முகத்தைப் பார்ப்பேன். வயது 35ஐத் தாண்டியிருந்தால், கீழ் எடைப்பிரிவுகளில் இன்னும் கொஞ்சம் கழிப்பேன். அங்கே வேகம்தான் முதலில் போகும்.

பிறகு என்னிடம் ஒரு பள்ளி நோட்டு இருக்கிறது. இடது பக்கத்தில் பெயரும் விழுக்காடும் சண்டைக்கு முன்பே பேனாவால் எழுதிவிடுவேன், வலது பக்கத்தில் முடிவு. 70 என்று எழுதியவர்கள் பத்துக்கு ஏழு பேர் ஜெயிக்கிறார்களா என்று வருடக் கடைசியில் எண்ணிப் பார்ப்பேன். பத்துக்குப் பத்தும் ஜெயித்தாலும் தப்பு, நான் பயந்து குறைத்து எழுதியிருக்கிறேன் என்று அர்த்தம். 2022 ஆகஸ்ட் 21 பக்கத்தில் "உஸ்மான் 75" என்று இருக்கிறது, ஓரத்தில் தே தாரிக் கறை. அன்றைக்குக் கடைத் தம்பி எட்டிப் பார்த்து, "அண்ணே, தப்பாப் போச்சே, அடிச்சிடுங்க" என்றான். அடிக்கவில்லை. எட்வர்ட்ஸுக்கு 25 என்று பக்கத்திலேயே எழுதியிருந்தேன்.